பதினேழாம் பக்கத்து உளவியலாளர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் தவறான பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில் லா பாஸ் நகரத்தில் ஓர் அலுவலகத்தை நிறுவியிருந்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதற்கான தேசிய அலுவலகம் என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் வாசலை இடித்து அகலப்படுத்தினார்கள். அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு மாணவர்கூடத் தவறான இடத்துக்குப் போகவில்லை என்று ஆண்டறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது.

ஜனவரி இருபத்தாறாம் தேதி காலையில் நில்டா சுகிமியா என்ற பத்தொன்பது வயதுப் பெண் அந்த அகன்ற வாசலில் நுழைந்தாள். கையில் மஞ்சள் கோப்பு. கோப்புக்குள் மூன்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கடிதங்கள், பள்ளி இறுதிச் சான்றிதழின் மூலப் பிரதி, இன்னும் ஒரு டஜன் நகல்கள். வெளிநாட்டில் படிக்கப் போகும் எவரும் பள்ளிச் சான்றிதழின் பின்பக்கத்தில் இந்த அலுவலகத்தின் முத்திரையை வாங்கியாக வேண்டும். முத்திரை குத்த ஒரு நொடி. அந்த நொடிக்கு வந்து சேருவதுதான் வேலை.

நில்டா தன் தேர்வை விளையாட்டாகச் செய்யவில்லை. அவளுடைய அப்பா சிப்ரியானோ மினிபஸ் ஓட்டியவர். எட்டு மாதங்களுக்கு முன்னால் எல் அல்தோவிலிருந்து நகரத்துக்கு இறங்குகிற சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியைச் சுவரில் உரசி நிறுத்தினார். பதினான்கு பேர் பிழைத்தார்கள், ஒருவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறார். பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில், "உளவியலாளர் ஒருத்தர்தான் இருக்காரு, நாலு மாசம் கழிச்சு வாங்க" என்றார்கள். நாலு மாதம் கழித்துப் போனபோது அவர் விடுப்பில் இருந்தார். இன்னொரு நாலு மாதத்துக்குத் தேதி கொடுத்தார்கள். இப்படி நாலு நாலாகப் போனால் தானே படித்து வந்துவிடலாம் என்று நில்டாவுக்குத் தோன்றியது.

அம்மா ஃபெலிசா ஊதாச் சோளத்தில் அப்பி என்கிற சூடான பானம் காய்ச்சி விற்கிற கடையில், எண்ணெய் பிசுக்கேறிய மேசையில் உட்கார்ந்து, நில்டா ஒரு நோட்டில் பாடத்திட்டங்களை எழுதி ஒப்பிட்டுப் பார்த்தாள். சந்தியாகோவில் முதல் இரண்டு வருடமும் எலிகளும் புள்ளியியலும். மொந்தேவிதேயோவில் தத்துவம் அதிகம். புவனஸ் அயர்ஸில் இரண்டாம் வருடமே ஆஸ்பத்திரி வார்டில், விபத்தில் தப்பியவர்களோடு உட்கார வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக அவள் புவனஸ் அயர்ஸைத் தேர்ந்தெடுத்தாள். மார்ச் மூன்றாம் தேதிக்குள் மூலச் சான்றிதழோடு நேரில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

முதல் சன்னலில் டாக்டர் உர்கிதி இருந்தார். சட்டம் படித்த எல்லோரும் அந்த ஊரில் டாக்டர்தான். அவர்களால் யாருக்கும் உடம்பு சரியானதாகத் தகவல் இல்லை.

"எதுக்கு வந்திருக்கே, அம்மாடி?"

"முத்திரைக்கு, டாக்டர். உளவியல் படிக்கப் போறேன். புவனஸ் அயர்ஸ்."

"உளவியலா? நம்ம ஊர்ல யாருக்கு மனசு சரியில்ல? உயரம் சரியில்ல, அவ்வளவுதான். கொஞ்சம் கீழே இறங்கிப் போனா எல்லாருக்கும் சரியாயிடும்." கோப்பைப் புரட்டினார். "முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன், டாக்டர்."

உர்கிதி பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் தப்பு. முடிவு பண்ணிட்டு வந்து நின்னா நாங்க எதுக்கு இருக்கோம்? சுதந்திரமான தேர்வுன்னா என்ன? தயங்கணும். தயங்காம எடுத்த முடிவு முடிவே இல்ல, யாரோ பின்னாலேர்ந்து தள்ளிவிட்டது. விதி ஒன்பது: பதினைந்து வேலை நாள் அதிகாரபூர்வமாத் தயங்கியிருக்கணும்."

"வீட்டுல நாலு மாசம் தயங்கியிருக்கேன், டாக்டர். நோட்டு இருக்கு, பாருங்க."

"வீட்டுத் தயக்கம் செல்லாது. யாரு பார்த்தா?"

மூலச் சான்றிதழைக் கோப்பில் வைத்து உலோக கிளிப்பை மடக்கினார். ரசீது கேட்டபோது, "கோப்பு எங்ககிட்ட இருக்கறதுதான் ரசீது" என்று அன்பாகச் சொன்னார்.

தயங்குவதற்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. நீளமான பெஞ்சு, உள்ளே வரும்போதும் போகும்போதும் கையெழுத்துப் போட ஒரு பேரேடு, சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சன்னல். பெஞ்சில் ஏற்கெனவே பலர் தயங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் ஒருரோ ஊர்க்காரி யோவானா. பிரேசிலில் பல் மருத்துவம் படிக்கப் போக வந்தவள். வந்து இரண்டு வருடமாகிறது.

"பதினஞ்சு நாள்தானே?" என்றாள் நில்டா.

"தொடர்ச்சியா பதினஞ்சு நாள். நடுவுல ஒரு நாள் சிரிச்சிட்டா மறுபடி ஒண்ணுலேர்ந்து. சிரிக்கிறவ முடிவு பண்ணிட்டான்னு அர்த்தமாம். எனக்குப் பதினாலாம் நாள் பார்த்து யாராவது ஏதாவது சொல்லிடறாங்கடி." யோவானா பெருமூச்சு விட்டாள். "முதல் மாசம் நிஜமாவே தயங்கினேன். அப்புறம் பழகிப்போச்சு. இப்போ ரொட்டி வேணுமா பன் வேணுமான்னு எங்கம்மா கேட்டாக்கூட அழுகை வருது."

நில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவின் கண்ணாடி ஓட்டையில் மேற்பார்வையாளரின் கண் ஒன்று தெரிந்து மறைந்தது.

பத்தரை மணிக்கு நாடே சால்தெனியா என்கிற குழம்பு அடைத்த பலகாரம் தின்னும். இந்த அலுவலகம் மட்டும் அதைப் பதினொன்றரை வரைக்கும் தின்னும். உள்ளிருக்கும் குழம்பு டையில் வழியாமல் இருக்க அதிகாரிகள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாகக் குனிந்து நின்று தின்கிற காட்சியைத் தயங்கும் அறையிலிருந்து கேட்கலாமே தவிர பார்க்க முடியாது. பிற்பகலில் வரும் தாள்களில் குழம்பு மணக்கும். நில்டா பதினைந்து நாளும் அதை மோந்தபடி, அப்பாவின் வலது காலை நினைத்துக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குச் சிரமமாக இல்லை.

பதினாறாம் நாள் சன்னலில் உர்கிதி எழுந்து நின்றார்.

"டாக்டர் சுகிமியா!"

நில்டா திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"உங்களைத்தான், டாக்டர். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை நாள் பெஞ்சுல உக்கார வெச்சிட்டோமே." கோப்பைத் திறந்து காட்டினார். பதினாறாம் பக்கத்துக்கும் பதினெட்டாம் பக்கத்துக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு தாள் கிளிப்பில் தொங்கியது. அதன் மூலையில் ஊதா மையில் பதினேழு என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தது. எண் போட்ட இடம் போக மிச்சம் கொஞ்சம்தான்.

நில்டா கோப்பின் மேல் குனிந்தாள். அது அலசித்தா சந்தைத் தாள். ஜனவரி இருபத்து நாலாம் தேதி நண்பகலில் யார் எதற்கு ஆசைப்படுகிறார்களோ அதைச் சின்னதாக வாங்கிப் புகை காட்டி, பூவும் சாராயமும் தெளித்துக்கொள்கிற சந்தை. வீடு வேண்டுமென்றால் குட்டி வீடு, கார் வேண்டுமென்றால் குட்டி கார். ஃபெலிசா மகளுக்காக ஒரு சின்னப் பட்டச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். நிறைவளப் பல்கலைக்கழகம், உளவியல், முதல் வகுப்பு. கடைக்காரி பால்பாயிண்ட் பேனாவால் பெயரை நிரப்பிக் கொடுத்திருந்தாள். சின்னது பக்கத்தில் இருந்தால் பெரியது தானாக வரும் என்று அம்மா அதைக் கோப்புக்குள் செருகியிருக்கிறாள்.

"டாக்டர், இது சந்தையில எங்கம்மா வாங்கினது. பொம்மை."

"பொம்மைன்னு எங்க எழுதியிருக்கு?"

"அளவைப் பாருங்களேன்!"

"அளவைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. முத்திரை இருக்கு, தங்கக் கலர் ஓரம் இருக்கு, ரெண்டு கையெழுத்து இருக்கு. உங்க ஸ்கூல் சான்றிதழ்ல ஒரே ஒரு கையெழுத்துதான், அதுவும் தெளிவா இல்ல."

"அதை உருவி எறிஞ்சிடுங்க, டாக்டர். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

உர்கிதியின் முகம் தன் கண்ணைப் பிடுங்கச் சொன்னதைப் போல ஆயிற்று. "எண் போட்ட பக்கத்தையா? பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வந்தா இந்தக் கட்டடத்துல யாரும் நிம்மதியாத் தூங்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மேசையிலேயே தகரத்தில் செய்த குட்டி வீடு ஒன்று இருந்தது. "நானும் பன்னண்டு வருஷமா சந்தையில குட்டி வீடு வாங்கறேன். நண்பகல் அடிக்கிற அந்த நிமிஷத்துல, பெரிய சாமியாரை வெச்சு, முறைப்படி. இன்னும் வாடகை வீடுதான். உங்களுக்கு ரெண்டே நாள்ல பலிச்சிருக்கு. அதைப் போய்க் குறை சொல்றீங்களே!"

"அப்போ என் முத்திரை?"

"படிக்கப் போறவங்களுக்குத்தானே முத்திரை. நீங்க போய்ப் படிச்சு முடிச்சுத் திரும்பி வந்துட்டீங்க."

நில்டா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வரிசையில் பின்னால் நின்றவர் அவளை இழுக்கவில்லை. படித்தவர்கள் அழுதால் காரணம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஃபெலிசா முதலில் பூரித்துப் போனாள். "பலிச்சிருச்சாடி!" என்று கையைத் தட்டிய பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். "நான் சும்மா நல்லதுக்குத்தானே கண்ணு வெச்சேன்" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலோரத்தில் சிப்ரியானோவின் கால் தரையை அழுத்தியது.

மறுநாள் காலையில் அப்பி கடை முன்னால் வரிசை நின்றது. அப்பி குடிக்க வந்தவர்கள் அல்ல. தூக்கம் வராத பூக்காரி, கடலே இல்லாத ஊரில் தினமும் கடல் கனவு காண்கிற ரிட்டயர்டு போலீஸ்காரர், புருஷன் ஓடிப்போனதை மாமியாருக்கு இன்னும் சொல்லாத ஒருத்தி. செய்தி எப்படிப் போயிற்று என்றால், அலுவலகம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டது.

"ஆஸ்பத்திரியில அஞ்சு மாசம்னாங்கம்மா. உங்ககிட்டன்னா அஞ்சு நிமிஷம் போதாதா?" என்றாள் பூக்காரி.

"அக்கா, நான் இன்னும் படிக்கவே இல்லக்கா."

"அடக்கத்தைப் பாரேன்!" என்று வரிசை முழுக்கச் சந்தோஷப்பட்டது. நில்டாவுக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோருக்கும் அப்பி கொடுத்தாள். பூக்காரி குடித்துவிட்டுக் கொஞ்சம் தேவலாம் என்றாள். அதுதான் நில்டாவை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் டாக்டர் அல்போர்த்தா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையின் நாலு சுவரிலும் அவருடைய பட்டங்கள் கண்ணாடி போட்டுத் தொங்கின. இடம் போதாமல் இரண்டை மேல்கூரையில் மாட்டியிருந்தார்கள். அவற்றைப் படிக்க வேண்டுமானால் படுத்துக்கொள்ள வேண்டும்.

"டாக்டர் சுகிமியா, உக்காருங்க. இந்த அலுவலகத்துல உளவியலாளர் பதவி ஆறு வருஷமாக் காலி. ஏன்? வெளிநாட்டுல படிச்சவங்களைத்தான் போடணும்னு விதி. வெளிநாடு போகணும்னா நம்ம முத்திரை வேணும். முத்திரைக்கு உளவியலாளர் கையெழுத்து வேணும். அவர்தான் இல்லையே!" தன் புத்திசாலித்தனத்தில் தானே கொஞ்ச நேரம் மகிழ்ந்தார். "பதினோரு வருஷத்துல இங்கேர்ந்து ஒருத்தர்கூடத் தப்பான பல்கலைக்கழகத்துக்குப் போனதில்ல. உலகத்துல வேற எந்த நாடாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

"சரியான பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர் போனாங்க, டாக்டர்?"

"அதுக்குத் தனியா ஒரு துறை ஆரம்பிக்கணும்னு கேட்டிருக்கோம்."

அன்றே அவளை அந்தப் பதவியில் போட்டார்கள்; அவளுடைய மஞ்சள் கோப்பு பணியாளர் கோப்பாக உயர்வு பெற்று இரும்பு அலமாரிக்குப் போயிற்று. பணியாளர் கோப்பை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டாள். இறந்தால், அல்லது வேலையை விட்டு நீக்கினால் என்றார்கள். நில்டா இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். இரண்டாவது சுலபமாகத் தெரிந்தது.

மேசையில் நாற்பத்தோரு விண்ணப்பங்கள் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் "விண்ணப்பதாரர் மனநலம் உள்ளவர், தன் தேர்வைத் தானே செய்தவர்" என்ற வரிக்குக் கீழே உளவியலாளர் கையெழுத்து போட வேண்டும். ஒவ்வொருவரையும் ஒன்பது தடவை சந்தித்த பிறகே போட வேண்டும் என்று விதி. நில்டா ஒருவரையும் சந்திக்காமல் ஒரே காலையில் நாற்பத்தொன்றிலும் போட்டாள். குறிப்புப் பகுதியில் ஒவ்வொன்றிலும் இப்படி எழுதினாள்: "இவருக்கு ஒன்றும் இல்லை. பைத்தியம் பிடித்திருப்பது இந்த அலுவலகத்துக்குத்தான்." இதற்கு மேல் யாரும் ஒரு நாள்கூட அவளை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பினாள்.

அன்று பிற்பகல் தயங்கும் அறை காலியாயிற்று. முத்திரை குத்திய சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு யோவானா அகன்ற வாசலில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலடி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பிரேசில் பஸ் டெர்மினல்ல இருக்கு. டெர்மினல் இந்தப் பக்கம். போடி!" என்று நில்டா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். விதி ஒன்பதுக்கு முற்றிலும் விரோதமான செயல்.

மறுநாள் இயக்குநர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நாற்பத்தொண்ணு! ஒரே நாள்ல! அமைச்சர் போன் பண்ணினார், டாக்டர். அதைவிட, அலுவலகத்துக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் வியாதி வரும்னு எழுதியிருக்கீங்களே! பதினோரு வருஷமா எங்களை யாரும் விசாரிச்சதே இல்ல." நிஜமாகவே அவர் கண் கலங்கியது. "உங்களை நிரந்தரமாக்கியாச்சு."

நில்டா நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். மார்ச் மூன்றுக்கு ஏழு நாள் இருந்தது. புவனஸ் அயர்ஸுக்கு பஸ்ஸில் மூன்று நாள்.

நிரந்தரமானவர்களின் பட்டங்களுக்குக் கண்ணாடி போட்டு அவரவர் அறையில் மாட்டுவது அங்கே வழக்கம். அதற்கு ஒரு ஞானத்தந்தை வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்கு மட்டுமல்ல, கேக்குக்கும் கால்பந்துச் சட்டைக்கும் ஞானத்தந்தை உண்டு. கண்ணாடிக்கு ஞானத்தந்தையாக டாக்டர் உர்கிதி தானே முன்வந்தார். கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்கே பூமித்தாயின் பெயரால் பீர் தெளித்துக் காகிதச் சுருள் சுற்றுகிற நாளாகப் பார்த்து விழாவை வைத்தார்கள்.

இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். பதினேழாம் பக்கத்தை அசைக்க முடியாது என்பதால், அடுத்து எடுப்பாக இருந்த பள்ளிச் சான்றிதழை வெளியே எடுத்தார்கள். நில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"பணியாளர் சான்றிதழ்ல முத்திரை இல்லாம மாட்டலாமா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவருக்குக் கைதட்டல் கிடைத்தது. இயக்குநர் தம் கையாலேயே பின்பக்கத்தில் முத்திரையைக் குத்தினார். ஒரு நொடிதான் ஆயிற்று. நில்டாவின் இத்தனை நாள் வாழ்க்கையின் நோக்கமே அந்த வட்ட ஊதா மைதான். அது காய்வதற்குள் உர்கிதி ஒரு டப்பா பசையைத் திறந்து, பின்பக்கம் முழுக்கத் தடவி, சான்றிதழைத் தடித்த அட்டையில் அழுத்தி ஒட்டினார்.

"டாக்டர்! முத்திரை உள்ள போயிடுச்சே!"

"உள்ள இருந்தாத்தான் பத்திரம்" என்றார் உர்கிதி. "வெளியில இருந்தா யாராவது பார்த்துடுவாங்க."

கண்ணாடியை மாட்டினார்கள். இயக்குநர் பேசினார். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்பது தேர்ந்தெடுக்காமல் இருக்கும் பொறுமை என்றார். வெளிநாடு செல்ல விரும்புவோர் பலர், வெளிநாடே நம்மிடம் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் சிலரே, டாக்டர் சுகிமியா அந்தச் சிலரில் ஒருவர் என்றார். பிறகு எல்லோரும் முற்றத்துக்குப் போய் பீரை முதலில் பூமிக்கும் பிறகு தங்களுக்கும் ஊற்றிக்கொண்டார்கள். நாலு மணிக்கெல்லாம் பித்தளை வாத்தியக் குழு ஒன்று வந்து சேர்ந்தது. கணினிகளின் மேல் காகிதச் சுருளும் தட்டச்சுப் பலகைகளில் வண்ணத் துகளும் விழுந்தன. எண் போடுகிறவர் ஊதா மைப் பெட்டியைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஆடினார்.

நில்டா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுவரில் அவளுடைய சான்றிதழ் அவளைப் பார்த்தது. ஆணியோடு சேர்த்துப் பிடுங்கினாள். காரை ஒரு கைப்பிடி உதிர்ந்தது. கழுத்தில் காகிதச் சுருளோடும் கக்கத்தில் கண்ணாடிப் படத்தோடும் முற்றத்தைக் கடந்தாள். இருவர் அவளை ஆடக் கூப்பிட்டார்கள். ஒருவர் அவள் தலையில் வண்ணத் துகளைக் கொட்டினார். வாசல் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார்.

"கார்னிவலுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, டாக்டர்? எல்லாருக்கும் காட்டணும்ல!"

டெர்மினலில் ஃபெலிசா துணிப்பையோடு நின்றாள். மகளின் தலையிலிருந்து வண்ணத் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அப்பா வரலியாம்மா?"

"மினிபஸ்ல ஏற மாட்டேங்கறார். மூணு தடவை ஏத்திப் பார்த்தேன்." தோள் சால்வையில் மூக்கைத் துடைத்தாள். "அஞ்சு வருஷம்தானே. அது வரைக்கும் அழுத்திக்கிட்டு இருக்கட்டும், தரை எங்கயும் ஓடிப் போயிடாது. நீ போ."

நில்டா எல்லை ஊரான வியாசோனின் பாலத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கத்து எல்லைச் சாவடியில் நின்றபோது காலை எட்டு மணி. மேடான இடத்தில் புவனஸ் அயர்ஸ் போகிற பஸ் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த பஸ் கார்னிவல் முடிந்து புதன்கிழமை. புதன்கிழமை கிளம்பினால் மூன்றாம் தேதிக்குப் போய்ச் சேர முடியாது.

சாவடியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சுரைக்குடுவையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

"என்னம்மா இது, யார் போட்டோ?"

"சான்றிதழ் சார். படிக்கப் போறேன்."

"பின்பக்கம் முத்திரை பார்க்கணும்."

"பின்பக்கத்தை ஒட்டிட்டாங்க சார்."

"யாரு ஒட்டினது?"

"முத்திரை குத்தினவங்கதான்."

மீசைக்காரர் குடுவையைக் கீழே வைத்தார். பிறகு வாழ்க்கையில் அரசு அலுவலக வரிசைகளில் நின்று பழகிய ஒரு மனிதனாக, பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார். நில்டா ஒரு நாணயத்தால் ஆணிகளை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். இருவரும் அட்டையை ஆவியில் காட்டினார்கள். வரிசையில் நின்ற மூட்டைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "மெதுவா, மெதுவா, கிழிஞ்சிடும்டி" என்று ஒருத்தி பதறினாள். தாள் ஓரத்திலிருந்து சுருண்டு, வழுக்கி, கடைசியில் வந்துவிட்டது. முத்திரையில் பாதி தாளில் இருந்தது. மற்ற பாதி அட்டையிலேயே தங்கிவிட்டது.

மீசைக்காரர் தாளையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மேலே பஸ் ஹாரன் அடித்தது.

"ரெண்டையும் சேர்த்தா முழுசாத்தான் இருக்கு" என்றார். நுழைவு முத்திரையை மையில் ஒற்றிக் கையைத் தூக்கினார். "என்ன படிக்கப் போறே?"

"உளவியல், சார்."

தூக்கிய கை அப்படியே நின்றது. வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் முன்னால் குனிந்தார். குரல் இறங்கிப் போயிற்று. "ஒண்ணு கேக்கலாமா? என் பொண்ணு. உன் வயசுதான். மூணு மாசமா என்கூட ஒரு வார்த்தை பேசல. நான் வீட்டுக்குள்ள வந்தா அவ எழுந்து போயிடறா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு கையைக் காட்டி ஏதோ கத்தினார்.

முத்திரை நில்டாவின் கடவுச்சீட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. எனக்கு ஒன்றும் தெரியாது சார், நான் இன்னும் படிக்கவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாற்பத்தோரு பேரை முகம் பார்க்காமல் கையெழுத்திட்டு அனுப்பியவளுக்கு இவருடைய முகம் மட்டும் ஒரு அடி தூரத்தில் இருந்தது. கையை இறக்காமல், மீசையில் மாத்தே துளியோடு, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நில்டா துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, சார்?" என்று கேட்டாள்.